கிளாரினெட்டுக்கு வல்லாரை

என் சின்ன மாமா ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டு தடவை வாசிக்கமாட்டார் என்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. கண்டுபிடித்த அன்றே எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மணவாள நகரில், வரிசையாக ஐந்து குடித்தனங்கள் இருந்த ஓட்டு வீட்டில் எங்களுடையது மூன்றாவது. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவின் கடைசித் தம்பியான மாமாவையும் அங்கேயே பிட்டராகச் சேர்த்துவிட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் திரும்புவார்கள். ஆனால் ஒரே பெட்டியில் அல்ல. மாமா ரயிலில்கூடக் கிளாரினெட்டை எடுத்து வாசிப்பார். நைனாவுக்கு அது பெரிய பேஜாரு.

முகூர்த்த நாட்களில் மாமா கல்யாண பேண்டு செட்டில் வாசித்தார். தங்கக் கயிறு வைத்த சிவப்புக் கோட்டு ஒன்று அதற்காக எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். ஒருமுறை பெரம்பூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளை கோட்டுப் பொத்தான் போட்டு வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. காத்து நின்று சலித்துப்போன மாமா, ஒரு பழைய பாட்டை எடுத்து இஷ்டத்துக்கு நீட்டி வளைத்து விளையாடிக்கொண்டிருந்தாராம். எதிர்வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டவர் ஓர் ஆங்கிலோ இந்தியர். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே, தானே ஜாஸ் பாட்டுகள் எழுதி, நாலு பேரைச் சேர்த்துப் பியானோவில் வாசித்துவந்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பியானோக்காரர் என்று பெயர். அவர் மாமாவைத் தன்னோடு வாசிக்க வரச்சொன்னார்.

பேண்டு மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. முகூர்த்த சீசனில் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பட்டணத்துக்குப் போகிறவன் இனிமேல் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமா சிவப்புக் கோட்டைத் துவைத்து, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் ஆணியில் அம்மா மறுநாளே காய்கறிப் பையை மாட்டிவிட்டாள்.

கொஞ்ச நாளில் பியானோக்காரரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ரோஜா நிறத் தாள், முழுக்க ஆங்கிலம். வரப்போகும் நான்கு கச்சேரிகள், நான்கு சனிக்கிழமைகள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்த பெருமையில் நைனாவுக்கு முந்தி நான்தான் வாசித்தேன். முதல் கச்சேரியில் கிளாரினெட்டுக்கு நேராக மாமாவின் பெயர் இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த மூன்று கச்சேரிகளிலும் அதே இடத்தில் வேறு ஏதோ நீளமாக இருந்தது. எனக்குப் புரியவில்லை. நைனா வாங்கிப் பார்த்து, பின்னால் அறிவிக்கப்படும் என்று போட்டிருப்பதாகச் சொன்னார்.

"அப்டின்னா இன்னா அர்த்தம்?" என்றாள் அம்மா.

"மொதல் தபா வாசிக்கட்டும், பாத்துக்கலாம்னு அர்த்தம். ஒன் தம்பிய அவரு இன்னும் நம்பல."

மாமா அதற்கும் சிரித்தார். ஆனால் எனக்கு விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டது. முதல் கச்சேரி ஒரு பரீட்சை. தேறினால் மற்ற மூன்றும் மாமாவுக்கு. தவறினால் பியானோவும் கிடையாது, பேண்டும் கிடையாது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. சர்ச் பாடகர் குழுவிலும் இருந்தேன். எங்களுக்கு டோ ரே மீ என்று சுரங்களை எழுத்துகளாக எழுதி, இடையில் புள்ளியும் கோடும் போட்டுத் தாளம் குறிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஞானப்பாட்டுப் புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கும். பாட்டு என்றால் எழுதியிருப்பது, எழுதியிருப்பதைப் பாடுவது. ஒரு எழுத்து மாறினாலும் டீச்சர் மேஜையைத் தட்டிவிடுவார்கள். அதனால் மாமா பயிற்சி எடுக்க ஆரம்பித்ததும், உதவியாக இருக்கட்டுமே என்று நானாகவே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவர் வாசிப்பதை எழுத ஆரம்பித்தேன். அது நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று எத்தனை விஷயங்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்று இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கிணற்றடியில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு மாமா உட்காருவார். கிளாரினெட்டின் வாயில் செருகும் மெல்லிய மூங்கில் பட்டை மாதிரியான ஒன்று உண்டு; அது ஈரமாக இருக்க வேண்டும் என்பதால் வீட்டுக் காப்பி டம்ளரில் ஊறிக்கொண்டிருக்கும். பிறகு குதிகாலால் டின்னைத் தட்டிக்கொண்டு வாசிப்பார். திங்கட்கிழமை வாசித்ததை நான் முழுக்க எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். ஆரம்பம் சரி. முடிவு சரி. நடுவில் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. புதன்கிழமை நடுப்பகுதி திங்கட்கிழமை மாதிரியும் இல்லை, செவ்வாய்க்கிழமை மாதிரியும் இல்லை. தப்பு வந்த இடங்களில் சிவப்புப் பென்சிலால் சுழித்தேன். வியாழக்கிழமை பென்சில் தீர்ந்துவிட்டது.

மாமாவிடமே கேட்டேன். எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று. தலையும் வாலும் மட்டும் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், நடுவில் தன் இஷ்டத்துக்கு எங்கேயாவது போய்விட்டு வரவேண்டும் என்றும் சொன்னார். பாவம், நடுப்பக்கம் தொலைந்துவிட்டது போலிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் போனேன். "அம்மா, மாமாக்கு பாடம் நிக்கவே மாட்டேங்குது. தெனம் மறந்துடறாரு."

நோட்டைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிவப்புச் சுழிகள் தெரிந்தன. தாய் இறந்த பிறகு, மாமாவை அவருடைய மூன்று வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். அவர் சின்ன வயதில் கிணற்று மேடையிலிருந்து தலைகுப்புற விழுந்ததை அன்று சாயங்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் வல்லாரைக் கீரை. வல்லாரைத் துவையல், வல்லாரைக் கூட்டு, வல்லாரை போட்ட தோசை. ஞாபகசக்திக்கு அதைவிட்டால் வேறு மருந்து அவளுக்குத் தெரியாது. ஏரிக்கரையில் கிடைத்ததெல்லாம் எங்கள் அடுப்புக்கு வந்தது.

நாலாவது நாள் மாமா தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊட்ல ஆடு வளக்கிறியா?" என்றார்.

"துன்னுடா. கேள்வி கேக்காத துன்னு," என்றாள் அம்மா.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டாள். ஆராதனையின் நடுவில் பாதிரியார் கண்ணை மூடி, நம் சபையின் இளைஞன் ஒருவனுக்கு இழந்த ஞாபகசக்தியைத் திரும்பத் தரும்படி உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கிளாரினெட்டைச் சொன்னார். சபை முழுவதும் ஆமென் என்றது. வெளியே வந்ததும் மாமாவின் தொழிற்சாலைக் கூட்டாளி ஒருவர் அவர் தோளில் கைபோட்டு, "என்னிய ஞாபகம் இருக்குதா மச்சி? நீ எனக்கு ஒரு சைக்கிள் தரணும்," என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவைத் திட்டவே இல்லை. அவர் சிரித்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. விஷயத்தின் கனம் தெரியாத ஆள் என்று நினைத்தேன்.

கச்சேரிக்கு முதல் நாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எழுதிவைத்திருந்ததில் திங்கட்கிழமைதான் நன்றாக இருந்தது. அதை வெள்ளைத் தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல், அடிக்கோடு போட்டு எழுதினேன். மேலே 'மாமா, நடுப்பகுதி' என்று தலைப்புக் கொடுத்தேன். கிளாரினெட் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அன்றுதான் வயிற்றுவலி நின்றது.

சனிக்கிழமை மத்தியானப் பாசஞ்சரில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். மாமா முன்னாலேயே போய்விட்டிருந்தார். செவ்வாப்பேட்டை தாண்டும்போது அம்மா பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துக் காட்டினாள். வல்லாரைத் துவையல் தடவிய இரண்டு சப்பாத்தி. மேடையேறுவதற்கு முன்னால் கொடுத்துவிடலாம் என்றாள். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழும்பூர்ப் பக்கம் இருந்த அந்த ஹாலில் மேடைக்குப் பின்னால் போக யாரும் விடவில்லை. டிபன் பாக்ஸ் அம்மா மடியிலேயே இருந்தது.

மர நாற்காலிகள், நீளமான கம்பியில் தொங்கிய காற்றாடிகள், ஒரு நூறு பேர் இருப்பார்கள். மேடையில் பியானோக்காரர், டிரம்ஸ்காரர், ஆள் உயரப் பிடில் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர், கடைசியில் நைனாவின் வெள்ளைச் சட்டையில் மாமா. பெட்டியைத் திறந்தவர் என் தாளை எடுத்தார். படித்தார். கூட்டத்தில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு அதை எதிரிலிருந்த ஸ்டாண்டில், எல்லாத் தாளுக்கும் மேலே, ஒழுங்காகப் பொருத்திவைத்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

முதல் பாட்டே அந்தக் கிணற்றடிப் பாட்டுதான். ஆரம்பம் சரியாக வந்தது. நான் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். நடுப்பகுதி தொடங்கியது. முதல் வரி, ஆச்சரியம், நான் எழுதிய மாதிரியே. இரண்டாவது வரியில் பாதி. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாள் எதிரிலேயே இருக்கும்போது ஒரு மனிதர் ஏன் கண்ணை மூட வேண்டும்? என் விரல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மாமா எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று, நோட்டை இரண்டு கையாலும் விரித்து, மேடைக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன். பின்னாலிருந்தவர்கள் உஸ் என்றார்கள். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கண்ணைத் திறந்த மாமா என்னைப் பார்த்துவிட்டார். கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கீச்சென்று ஒரு சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாமா ஒரு கணம் நின்றார். பிறகு அந்தக் கீச்சை அவரே இன்னொரு தடவை வாசித்தார். இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் கீழே. டிரம்ஸ்காரர் அதற்குப் பதில் சொல்கிற மாதிரி எதையோ தட்டினார். பியானோக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த ஒரு கீச்சை வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்தினார்கள். பாட்டு முடியவே இல்லை, அதற்குள் கூட்டம் கைதட்டியது. எங்கள் பள்ளிப் பேச்சுப்போட்டியில் யாராவது பாதியில் மறந்துபோய் விழித்தால், போதும் இறங்கு என்பதற்காக நாங்கள் இப்படித்தான் நடுவில் கைதட்டுவோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நோட்டால் மூடிக்கொண்டேன்.

கச்சேரி முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். பியானோக்காரர் சட்டையெல்லாம் வேர்வையாக வந்து நைனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரிகர்சல்ல ஒரு தடவகூட இந்த மாதிரி வாசிக்கல சார் இவன்," என்றார்.

நைனா தலையாட்டினார். எனக்கு நைனாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பியானோக்காரர் மாமா பக்கம் திரும்பி, மீதி மூன்று சனிக்கிழமையும் வந்துவிட வேண்டும் என்றும், அதற்கப்புறம் பெங்களூரில் ஒன்று இருக்கிறது, அதற்கும் வரவேண்டும் என்றும் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் டிபன் பாக்ஸைப் பியானோக்காரரிடமே கொடுத்துவிட்டாள். அவர் அங்கேயே நின்று இரண்டு சப்பாத்தியையும் சாப்பிட்டார்.

திரும்பும் ரயிலில் நைனாவும் மாமாவும் முதல் தடவையாக ஒரே பெட்டியில் உட்கார்ந்தார்கள். நைனா அந்தக் கீச்சைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினார். நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் சரியாகப் பாடினவளை டீச்சர் உடனே உட்காரச் சொல்லிவிடுவார்கள். தப்பாகப் பாடினவள்தான் மறுபடி பாட வேண்டும், சரியாக வரும்வரை. மாமாவுக்கு மூன்று தடவை, அதுவும் போதாதென்று பெங்களூரில் ஒன்று. அவ்வளவு தப்பு. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"கவலப்படாதீங்க மாமா. அடுத்த தபா சரியா வாசிச்சிட்டா விட்ருவாங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்போ சரியா வாசிச்சிடக் கூடாதுன்னு எனக்காவ ஜெபம் பண்ணிக்கோ கண்ணு," என்றார்.

அப்படி ஒரு ஜெபத்தை என்னால் எப்படிச் செய்ய முடியும்? அவர் வருத்தத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முழங்காலில் நின்று, மாமா நாளைக்காவது எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்து, தேறி, நிம்மதியாக வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். என் ஜெபம் கேட்கப்படவில்லை. அந்த வருஷம் முழுக்க அவரை மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். பெங்களூர், அப்புறம் பம்பாய்கூட. இத்தனை தடவை தவறியும் ஒரு மனிதர் ஒவ்வொரு தடவையும் விசிலடித்துக்கொண்டே ரயிலேறுகிறாரே, வெட்கமே இல்லையா என்று பிளாட்பாரத்தில் நின்று கையாட்டியபடி நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.