அப்பாவின் அழகான கையெழுத்து

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், முக்கியமாக எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு. காலில் விழுந்து கேட்கிறேன்.

எங்கள் பள்ளியில் இமயமலை நடைப்பயணத்துக்கு இலவசமாக அழைத்துப் போகிறார்கள். மலைக் கிராமத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வழிகாட்டி ஒருவர் விளக்குவாராம். தேயிலை எஸ்டேட்டில் பிறந்த எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்.

அப்பாவிடம் கேட்டேன். "ஓசின்னாலும் கைச்செலவுக்கு எங்க போறது? தேயில வெல விழுந்து ஃபேக்டரியே பாதி நாள் மூடிக் கெடக்குது. மலை மேல குடியிருக்கறவளுக்கு இன்னொரு மலை கேக்குதா?" என்றார்.

அதனால் சம்மதப் படிவத்தில் அவர் பெயரை நானே கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன். எஸ்டேட் ரிஜிஸ்டரில் அவர் இன்றுவரை கைநாட்டு வைப்பவர் என்பது இந்த அறிவாளிக்கு அப்போது நினைவில் இல்லை.

இன்று குன்னூர் பஸ்ஸில், படிவங்களை வாங்கிய பி.டி. டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டார். "ஏனுங்க, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க!"

அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் பழக்கந்தானுங்க டீச்சர்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இமயமலை ஏறினால்தான் மூச்சு முட்டும் என்றார்கள். அடி வாங்காமல் தப்பிக்க வழி தெரிந்த வழிகாட்டிகள் உடனே கமெண்டில் வரவும்.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, தூங்கிட்டியா? என்ற கையெழுத்து எப்பிடி இருக்குதுன்னு நானும் பாக்கோணும். கொஞ்சம் போட்டுக் காட்டு."