அசல் பட்லர் இங்கிலீஷ்

ஐம்பதைத் தொடப்போகும் ஒருவன், குளியலறைக் கண்ணாடி முன் நின்று, சோப்பு டப்பாவை வலது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, எதிரே இல்லாத ஒரு பிரபுவிடம், “வில் தட் பி ஆல், சார்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினான் என்றால் அவனை என்ன செய்யலாம்? சவுதி அரேபியாவின் யான்புவில் ஒன்றும் செய்யவில்லை. வெளியே துண்டோடு வரிசையில் நின்றவர்கள் கதவை உதைத்தார்கள், அவ்வளவுதான். உதைபட்ட கதவுக்கு உட்புறம் இருந்தவன் நான்.

இந்தப் பைத்தியம் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. எங்கள் சுத்திகரிப்பு ஆலையில் இருந்த ஆங்கிலேய எஞ்சினியர் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்பினார். அவருடைய சோபா, வாஷிங் மெஷின், உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் ஒரே மாலையில் பறந்துவிட்டன. யாரும் தொடாமல் கிடந்தது பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களின் டிவிடி பெட்டி மட்டும். குப்பைக்குப் போவதற்கு முன் நான் எடுத்துக்கொண்டேன். குப்பைக்குப் போயிருந்தால் இப்போது நான் வேறு வேலையில் இருந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம், பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் என் ரூம்மேட்டும் பார்ப்போம். அவர் தூத்துக்குடி கடற்கரைக்காரர், பிளான்ட்டில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை இல்லாத நாட்டில் ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி பார்க்கிற கத்தோலிக்கர். பெட்டியில் இருந்த நடிகர்கள் மொத்தமே பத்துப் பதினைந்து பேர்தான் என்பது சில வாரங்களில் எங்களுக்குத் தெரிந்துபோனது. அதே ஆட்கள்தான் தொடருக்குத் தொடர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

“அண்ணாச்சி, இந்தப் பங்குச்சாமி போன வாரம் டாக்டரா வந்து பெண்டாட்டிக்கு வெசம் வச்சவருல்லா?”

“அவரேதான்.”

“இப்ப இவருதான் கொலக்காரன், பாத்துக்கிடுங்க. வெள்ளக்காரன் ஊர்ல சாமியாருக்கு வேற சோலியே கெடையாதோ?”

ஒருவர் பிணமாகவே வருவார். நூலகத்தில், படகுத்துறையில், கோழிக்கூண்டுக்குப் பின்னால் என்று எங்கெங்கோ கிடப்பார். வசனம் கிடையாது. என்னவொரு அர்ப்பணிப்பு என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் ரூம்மேட் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, “சீவன் கெடக்கு அண்ணாச்சி, வயிறு ஏறி எறங்குது பாருங்க” என்றார். இன்ஸ்பெக்டராக நடித்தவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டில் சாப்பாடு எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பவர்போல நிற்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அப்புறம் அந்த அம்மாள். ஒரு தொடரில் ராணி, இன்னொன்றில் வாடகைக்கு அறை விடுகிறவள். இரண்டு வேடத்துக்கும் ஒரே மூக்கு, அந்த மூக்கின் நுனி வழியாக ஒரே பார்வை. ராணி பார்த்தால் மந்திரி ராஜினாமா செய்வார். வீட்டுக்காரம்மாள் பார்த்தால் குடித்தனக்காரர் குழாயை மூடுவார். என் மனைவியின் முகத்தைவிட அந்த அம்மாளின் முகத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். திருச்சிக்குப் போடும் வீடியோ கால் வாயைத் திறந்த நிலையில் உறைந்து நின்றுவிடும். டிவிடிக்கு அந்தக் கோளாறு கிடையாது.

ஆனால் என் மனதைக் கொடுத்தது பட்லருக்கு.

ஒரு பிரபு வீட்டுத் தொடர் அது. பிரபு பேசினால் ஒன்றும் விளங்காது. வாயில் கொதிக்கும் கிழங்கைப் போட்டுக்கொண்டதுபோலப் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியை மீசைக்குள் துப்புவார். அவர் மகனுக்கு மூக்கு மட்டும்தான் பேசும். அந்த வீட்டிலேயே ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து, அடுக்கி, முழு வாக்கியமாகப் பேசியவர் பட்லர் ஒருவரே. வழுக்கைத் தலையும் நீண்ட மேலுதடுமாக, கோயில் தூணைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததுபோல நிற்பார். வீடு பற்றி எரிந்தாலும், “பேரப்ஸ் ஐ மைட் வென்ச்சர் டு சஜஸ்ட், சார்” என்றுதான் ஆரம்பிப்பார். அடியேன் ஒரு யோசனை சொல்லத் துணியலாமா என்பது அதன் பொருள். டீயை வைத்ததும் “வில் தட் பி ஆல், சார்?”, வேறேதும் தேவையா ஐயா, என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. இதுதான் இங்கிலீஷ் என்று முடிவு செய்தேன்.

சிலிர்த்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஒருவனுடைய ஆங்கிலத்தைக் கொல்ல இரண்டே சொல் போதும்: பட்லர் இங்கிலீஷ். துரை வீட்டில் கோழி வறுத்துப் போட்டவர்கள் பேசிய உடைசல் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர். கல்லூரி மேடையில் நன்றியுரை சொன்னபோது என்னை அப்படிச் சொல்லிச் சிரித்தார்கள். அதன்பின் என் வாழ்க்கையே அந்தப் பட்டத்தைத் துடைப்பதில் போனது. துடைத்த துணியை மற்றவர்கள் முகத்தில் வீசுவதிலும் போனது. ஆலையின் அட்மின் செக்‌ஷனில் கிளார்க்காக இருந்த நான், யார் மெயில் அனுப்பினாலும் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன். ஸ்டோரில் இருந்த ஒருவர், “டுமாரோ ஐ லீவ் கமிங்” என்று எழுதியதைப் பிரின்ட் எடுத்து டீ மெஷினுக்கு மேலே ஒட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, “அச்சா, தேங்க்யூ” என்று சொல்லி டீயைப் பிடித்துக்கொண்டு போனார். மரமண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில் அட்மின் மேனேஜர் பதவி காலியானது. அதற்கு ஃபேமிலி ஸ்டேட்டஸ் உண்டு. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம், இரண்டு படுக்கையறை வில்லா தருவார்கள், கம்பெனி பஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகும். கல்யாணமான நாளிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளிபோல வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போடுவாள்.

“நிஜமாவே கிடைக்குமா?” என்றாள் மனைவி போனில்.

“என்னை விட்டா இங்க இங்கிலீஷ் பேச யார் இருக்கா?”

“புது ஜெனரல் மேனேஜர் வெள்ளைக்காரரா?”

“அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அவருக்கு இங்கிலீஷ் வரல.”

பொய்யில்லை. புது ஜெனரல் மேனேஜர் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்தவர். அவர் பேசுவது மண்வெட்டியால் தரையைச் சுரண்டுவதுபோல இருக்கும். ரூம்மேட்டுக்கு மட்டும் அவர் சொல்வது புரிந்தது. “வால்வை அடைங்காரு, அடைக்கேன். இதுல என்ன இருக்கு?” என்பார். கொச்சை கொச்சைக்குத்தான் புரியும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இன்டர்வியூவுக்காகக் கோட்டு வாங்க இருவரும் ஜெத்தா போனோம். அங்கே ஷரஃபியா கடைத்தெருவில் தோசை சாப்பிட்டுவிட்டு ஒரு மலையாளி கடையில் கறுப்புக் கோட்டு, உள்ளே போடச் சாம்பல் நிற வெயிஸ்ட்கோட், வெள்ளைச் சட்டை எடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கையைப் பின்னால் கட்டி லேசாகச் சாய்ந்து நின்றேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

“ஏது ஹோட்டலிலா ஜோலி, சேட்டா?”

ரூம்மேட் சிரித்த சிரிப்பில் பர்தா அணிந்த இரண்டு பெண்கள் கடையை விட்டு வெளியேறினார்கள். நான் சிரிக்கவில்லை. ரசனையற்ற தெரு என்று நினைத்தேன்.

இன்டர்வியூவில் மேனேஜர் உட்காரச் சொன்னார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். மறுபடி சொன்னார். விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் கேட்ட கேள்வியை மூன்றாவது முறையில் புரிந்துகொண்டேன். லேபர் கேம்ப்பில் ஏசி வேலை செய்யவில்லை, ஆட்கள் காலையில் பஸ் ஏற மறுக்கிறார்கள், கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. நீ என்ன செய்வாய்?

“பேரப்ஸ் ஐ மைட் வென்ச்சர் டு சஜஸ்ட், சார்,” என்று தொடங்கினேன். கான்ட்ராக்டருக்கு வசதிப்படும் ஒரு நேரத்தில், அவருடைய கவனத்தை இந்த விஷயத்தின் பக்கம் மென்மையாகத் திருப்புவது உசிதமாக இருக்கக்கூடும் என்று சிலர் கருத இடமுண்டு என்பதுபோல ஒரு நீண்ட வாக்கியம். இலக்கணத்தில் ஒரு தூசி கிடையாது.

மேனேஜர் காத்திருந்தார். “சரி. அவனிடம் என்ன சொல்வாய்?”

அங்கேதான் நான் நின்றுபோனேன். ஏசியை இன்றைக்கே சரி செய் என்பது நான்கு சொல். அந்த நான்கு சொல்லை என் ஆங்கிலத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அத்தனை டிவிடியிலும் பட்லர் யாருக்கும் ஓர் உத்தரவு போட்டதில்லை. துணிவார், கருதுவார், வருந்துவார், கதவைத் திறப்பார். கட்டளையெல்லாம் பிரபு மீசைக்குள் துப்பியதில் இருந்தது. அது எனக்குப் புரியாததால் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. “வில் தட் பி ஆல், சார்?” என்றேன்.

மேனேஜர் பேனாவை வைத்தார். இந்த இங்கிலீஷை எங்கே பிடித்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. அவருக்கும் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அந்தத் தொடர்கள்தானாம். அந்த அம்மாளின் மூக்கை நான் சொல்ல, அவர் மூக்கைத் தூக்கி நடித்துக் காட்டினார். பிணத்தின் வயிறு அசைந்ததை அவரும் பார்த்திருந்தார். தொப்பி இன்ஸ்பெக்டர் இறந்த செய்தி வந்த அன்று தன் அத்தை சாப்பிடவில்லை என்றார். யான்புவில் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான ஒரு மணி நேரம் அது. கடைசியில் பட்லரைப்போல ஒருமுறை பேசச் சொன்னார். எழுந்து நின்று பேசினேன். அவர் சிரிப்பு சட்டென்று நின்றது.

“என் அத்தை அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கியவள்,” என்றார். “இந்தக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவாள். பிரபுவுக்கு அவள் பயந்ததே இல்லை. இதற்குத்தான் பயப்படுவாள்.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பின்புறமாக நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். உடனே திருச்சிக்குப் போன் போட்டு, “ஒரு மணி நேரம் பேசினார், சிரிச்சுக்கிட்டே இருந்தார்” என்றேன். மனைவி அந்த வாரமே மகளின் பள்ளிக்கூடத்தில் டிசி கேட்டாள். தன் ஸ்கூட்டியைப் பக்கத்துத் தெருவில் விற்றுவிட்டாள்.

அட்மின் மேனேஜர் பதவி ஸ்டோர்காரருக்குப் போனது. டீ மெஷினுக்கு மேலே மெயிலை ஒட்டினேனே, அவருக்குத்தான். அதே கேள்விக்கு அவர் சொன்ன பதிலை எச்ஆரில் இருந்தவர்கள் வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்: “சார், ஐ டெல்லிங் கான்ட்ராக்டர், டுடே ஏசி ஃபினிஷ். ஏசி நாட் ஃபினிஷ், யூ ஃபினிஷ். கலாஸ்.” மேனேஜருக்கு ஒரே தடவையில் புரிந்ததாம். ஸ்டோர்காரருடைய குடும்பம் ரமலானுக்கு முன்பே வந்து சேர்ந்தது. இரண்டு படுக்கையறை வில்லாவின் வாசலில் அவர் பையன் சைக்கிள் ஓட்டுகிறான். பார்த்தால் எனக்குச் சல்யூட் வைக்கிறான், ஏனென்று தெரியவில்லை.

மேனேஜர் என்னை மறக்கவில்லை. மறந்திருக்கலாம். கம்பெனி விருந்தினர் மாளிகைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார். எனக்கு நல்லது செய்ததாக அவர் உண்மையாகவே நம்புகிறார். மாளிகையின் பின்புற அறையில்தான் தங்க வேண்டும், தனியாளாக. ஷரஃபியாவில் வாங்கிய கோட்டையே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். லண்டனிலிருந்தோ தோஹாவிலிருந்தோ விருந்தாளிகள் வந்தால் மேனேஜரும் கூடவே வருவார். நான் தட்டில் டீயோடு நுழைந்ததும் அவர் கண்ணைக் காட்டுவார். “வில் தட் பி ஆல், சார்?” என்பேன். கை தட்டுவார்கள். சிலர் செல்போனில் பிடித்து அம்மாவுக்கு அனுப்புகிறார்கள்.

ரூம்மேட் ஒருநாள் பார்க்க வந்தார். சோபாவில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, “சவுரியமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒரு பொணமும் ஒரு பங்குச்சாமியும் இருந்தா சீரியல் எடுத்துரலாம்” என்றார். அவருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தேன். பழக்கம்.

திருச்சிக்குச் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். டிசி வந்துவிட்டது என்று மனைவி மெசேஜ் அனுப்பிய அன்று காலை வேறு வழியில்லாமல் போனைப் போட்டேன். பதவி கிடைக்கவில்லை, ஃபேமிலி ஸ்டேட்டஸ் இல்லை, இனி கெஸ்ட் ஹவுஸ்தான் என்று சொன்னேன். பின்னணியில் பஸ் ஹார்ன்கள் கேட்டன. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன்.

“அங்க என்ன வேலை உங்களுக்கு?”

“வர்றவங்களைக் கவனிச்சுக்கணும்.”

“கவனிச்சுக்கறதுன்னா?”

“ரூம் காட்டணும். சாப்பாடு ஏற்பாடு பண்ணணும். டீ குடுக்கணும்.”

“நீங்களே கையில எடுத்துட்டுப் போய்க் குடுப்பீங்களா?”

“தட்டுல.”

“சக்கரை எவ்வளவுன்னு கேட்டுப் போடுவீங்களா?”

“ஒருதடவை கேட்டா போதும். அப்புறம் யாருக்கு எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கும்,” என்றேன். எனக்கே தெரியாமல் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

“எனக்கு எவ்வளவு?”

உத்தரவு போடத் தெரியாவிட்டாலும் ஊகிக்கத் தெரியும் என்று நினைத்தேன். “ரெண்டு ஸ்பூன்,” என்றேன்.

“நான் டீயே குடிக்கிறதில்ல,” என்றாள். “போனை வைங்க, பஸ் வந்துடுச்சு.”