தறி நின்றும் நிற்காத படபடப்பு

குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. கத்தினால்தான் காதில் விழும். கர்ப்பப்பைப் பேச்சு வந்தால் மட்டும் பெண்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு சௌந்திரம் இதில் எல்லோரையும் மிஞ்சியவள். நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம், "வவுத்துவலி ஆபரேசன்" என்று சொல்லி வைத்தாள்.

போன வருஷம் அவளுக்கு மாரடைப்பு வந்தது. ஈரோட்டில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். மருமகன் மணிமாறன் பக்கத்தில் நின்றிருந்தார். சௌந்திரம் இல்லை என்று தலையாட்டிவிட்டாள். மாப்பிள்ளை முன்னால் அந்தப் பேச்சா? உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டாள். போகத்தான் பார்த்தது.

வீடு திரும்பியதும் பழையபடி தறியில் நின்றாள். அடிக்கடி நெஞ்சு படபடவென்று அடித்தது, வேர்த்துக் கொட்டியது.

"பை எடுத்த பொம்பளைக்கு இந்தச் சூடு வாரதுதானுங்கக்கா. மிச்சமெல்லாம் தறி அதிர்வு" என்றாள் என்னிடம்.

"சூடுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. டாக்டருகிட்டச் சொல்லு" என்று கத்தினேன். கேட்கிற ஆளா அவள்?

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று தெரு முழுக்கத் தறிகள் ஓய்ந்திருந்தன.

"ஏனுங்க, தறி நின்னுருச்சுங்களா?" என்று கணவர் சின்னண்ணனிடம் கேட்டாள்.

"நின்னு எந்நேரமாச்சு அம்மிணி."

"அப்பறம் ஏனுங்க எனக்கு இன்னும் அதிருது?" என்றவள், அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அதே ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாறுமாறாகத் துடித்த இதயத்தை ஒருவழியாக நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். மணிமாறன் அன்றும் அங்கேதான் நின்றார். சௌந்திரம் ஃபேனைப் பார்த்தாள். அதிகம் பேசாத சின்னண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"கர்ப்பப்பையும் எடுத்தாச்சுங்க, சினைப்பையும் எடுத்தாச்சுங்க. நாந்தானுங்க கையெழுத்துப் போட்டேன்."

டாக்டர் கோபிக்கவில்லை. "சினைப்பையில சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் இதயத்துக்கு ஒரு காவல் மாதிரி. அது சீக்கிரமே நின்னுட்டா, மாரடைப்பு வந்த தழும்புகிட்ட துடிப்பு தடம் மாற வாய்ப்பு கூடலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. முழுசா இன்னும் தெரியலம்மா. ஆனா மாரடைப்பு வந்தவங்க படபடப்பைச் சூடுன்னு விடக் கூடாது" என்றார். துடிப்பு தவறினால் சரிசெய்ய நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மணிமாறன் விருட்டென்று வெளியே போனார். சௌந்திரம் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

வராண்டாவிலிருந்து அவர் போனில் பேசும் குரல் கேட்டது. அவரும் தறிக்காரர், ஆஸ்பத்திரிக்கே கேட்டது.

"அம்மா, உனக்குப் பை எடுத்தாங்கல்ல, கூடவே சினைப்பையும் எடுத்துட்டாங்களா? நெஞ்சு படபடங்குதா? மறைக்காமச் சொல்லு சாமி, இப்பவே வாரேன்."

சௌந்திரம் மெல்லச் சேலைத்தலைப்பை இறக்கினாள்.