விதிப்படி ஓடிய வெள்ளிக்கிழமை பஸ்

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். கூடவே, தொழிலாளர் சங்கச் செயலாளர். வீரத்துக்காகக் கொடுத்த பதவி இல்லை. கூட்டக் குறிப்பைப் பிழையில்லாமல் எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

பர்மிட்டில் உள்ளதைவிட ஜாஸ்தி ஆள் ஏற்றச் சொல்வது எங்கள் முதலாளியின் வழக்கம். அந்த உத்தரவு மட்டும் எழுத்தில் வராது. ஒருநாள் அதிகாரி ஒருவர் வழியில் பஸ்ஸை மறித்து, தலைகளை எண்ணி, வழக்கு எழுதினார். விதியை மீறினார் என்று சொல்லி முதலாளி கண்டக்டரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கண்டக்டருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு சிதம்பரம். வேலை போனது தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று மனிதர் வாயே திறக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் மட்டும் சொல்லி அழுதார்.

வேலைநிறுத்தம் செய்வதென்றால் முறைப்படி அறிவிப்பு கொடுத்துப் பதினாலு நாள் காத்திருக்க வேண்டும். அதை நான் விளக்கி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. விதியை மீறியதற்குத்தானே தண்டனை? இனி எல்லா விதியையும் கடைப்பிடிப்போம். அதற்கு யாருக்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டியதில்லை!

புதன்கிழமை ஆரம்பித்தோம். சீட்டுக்கு மேல் ஒருவரையும் ஏற்றவில்லை. எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்த பிறகே விசில். குறித்த வேகத்துக்கு மேல் ஒரு மைல்கூடப் போகவில்லை. நிற்குமிடமெல்லாம் டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்று மணி நேரத்தை நெருங்கியது. எனக்குப் பரம சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை, முறைப்படி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மேற்பார்வைக்காகச் சிதம்பரம் போய், கடலூருக்குத் திரும்பும் எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். புதுச்சத்திரத்தில் டிரைவர் நாலாவது முறையாக டயரைத் தட்டியபோது ஒரு பெரியவர் பொறுமையிழந்தார்.

"ஏம்பா, இது பஸ்ஸா, தேரா?"

"அதோ எங்க செக்ரட்டரி. அவரையே கேளுங்க மாமா" என்று டிரைவர் கையை நீட்டினார்.

எழுந்து நின்று பிரசங்கமே செய்தேன். கண்டக்டரின் நேர்மை, முதலாளியின் அநியாயம், கண்டக்டர் குடியிருக்கும் தெரு என்று ஒன்றையும் விடவில்லை. அப்புறம்தான் பெரியவர் பக்கத்தில் இருந்த அம்மாவின் மடியைப் பார்த்தேன். தாம்பாளம், வெற்றிலை, பூ, பழம், பட்டுப்புடவை. மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு எங்கள் பஸ்ஸில்தான் வருவார்கள் என்பது, எல்லா விதியும் தெரிந்த எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் முகம் சுண்டிவிட்டது. "வேலை போனதை நம்மகிட்ட சொல்லவே இல்லையே" என்றார் மனைவியிடம். பத்தரைக்கு ராகு காலம் வேறு. தீர்மானத்தை மாற்றச் செயற்குழு கூட வேண்டும். அதையும் மீறி, "அண்ணே, அமுக்குங்க" என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"யாரும் அமுக்க வேணாம்" என்றார் அந்த அம்மா. "ஒருத்தருக்காக இத்தினி பேரு டயரைத் தட்டிக்கினு நிக்கிறாங்களே, அந்த மனுசன் வீட்ல பொண்ணெடுக்க இன்னா யோசனை? விதிப்படியே போங்க. எங்க சம்பந்திக்கு வேலை வேணும்."

பஸ்ஸே கைதட்டியது. பின்சீட்டில் ஒருவர் மட்டும், "எனக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்கு தாயே!" என்று அலறினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் அலறினார். ஆனால் கடலூரில் இறங்கியதும் கோர்ட்டுப் பக்கம் ஓடிய ஓட்டத்தில் சிரிப்பு இல்லை.

பஸ் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். பன்னிரண்டு வரை சம்பந்திகள் கண்டக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். "ராகு காலமும் உங்க பஸ் மாதிரிதான் தம்பி. நேரத்துக்கு முன்ன நகராது" என்றார் பெரியவர். கண்டக்டர் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க, அந்த அம்மா அவரை அதட்டிப் பந்தியில் உட்கார வைத்தார். நான் கேசரி மூன்று முறை வாங்கினேன்.

வசூல் பாதியாகிப்போனதில், திங்கட்கிழமை முதலாளி கண்டக்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இந்த முறை உத்தரவு எழுத்திலேயே வந்தது.

வாய்தாவைத் தவறவிட்டவரை மறுபடி ஒருநாள் பஸ் நிலையத்தில் பார்த்தேன். "உங்க நியாயத்துக்கு என் கேஸு ஒரு மாசம் தள்ளிப்போச்சு சார்" என்றார்.

நாங்கள் ஒன்றாக நின்றதால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகாமல் நடந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்வேன்; ஆனால் அதற்குப் பிறகு சங்கத் தீர்மானம் எதில் கையெழுத்துப் போட்டாலும், நம் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வந்து பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தும்.