மூன்றாம் நம்பர் அறையின் பாராட்டுப் பத்திரங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் இஞ்சி மண்டிகளுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பதினோரு அறை ஹோம்ஸ்டே. அங்கே எட்டு வருடமாக அறை சுத்தம் செய்கிற இசக்கிசெல்விக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. படகு எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் தலையில் மிளகாய் அரைப்பார்கள், மழை எப்போது விடும், எல்லாவற்றையும் வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கிலீஷிலேயே சொல்லிவிடுவாள். இலக்கணம் அவளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். ஆனாலும் அவள் சொன்னது புரியாமல் போனவர் ஒருவரும் இல்லை.

படிக்கத்தான் தெரியாது. சிவகிரியில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பெரிய எழுத்து ஏ பி சி டி தெரியும். கையால் சேர்த்து எழுதினால் நூல்கண்டு சிக்கினாற்போல இருக்கும். யாராவது எதையாவது நீட்டினால், "கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்" என்பாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது.

அப்படிப்பட்டவள் வீட்டுச் சுவர் முழுக்க இங்கிலீஷ். கொச்சங்காடியில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில், டிவிக்கு மேலே இருபத்து மூன்று காகிதங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். எல்லாம் விருந்தாளிகள் கைப்பட எழுதியவை. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஊருக்குக் கிளம்பிய ஓர் அம்மாள் இவளைக் கட்டிப்பிடித்து ஒரு சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். அது நன்றி என்று தெரிந்துகொள்ள எழுத்து வேண்டாம். அதற்குப் பிறகு கிடைத்த சீட்டெல்லாம் இவள் கணக்கில் நன்றிதான். அத்தனையும் மூன்றாம் நம்பர் அறையில் கிடைத்தவை, அதுவும் தலையணை மேலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அது ராசியான அறை என்று இசக்கிசெல்வி நம்பினாள்.

அவள் புருஷன் பாண்டித்துரை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கூட வேலை செய்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்து சுவரைக் காட்டுவான். "எல்லாம் சர்ட்டிபிகேட்டுவே. எம் பொண்டாட்டிக்கு வெள்ளக்காரன் எழுதிக் குடுத்தது" என்பான். வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு டீ குடித்துப் போவார்கள். அவர்களிலும் இங்கிலீஷ் படிக்கிற ஆள் இல்லை.

இந்த நிலைமையில்தான் சூப்பர்வைசர் துபாய்க்குப் போனாள். ஓனர் பிஜு எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான். விருந்தாளிகள் கருத்து எழுதிப் பெட்டியில் போடும் கார்டுகளை, ஆறு வாரம் கழித்துப் பொறுப்பேற்கும் புது சூப்பர்வைசர் வாராவாரம் திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். "செல்வி, ஆறு ஆழ்ச்ச டைம். நல்லா வாயிச்சா போஸ்ட் உனக்கு. இல்லெங்கில் புறத்து நின்னு ஆளெடுக்கும்."

சூப்பர்வைசர் என்றால் குளியலறைத் தரையைத் தேய்க்க வேண்டாம். இசக்கிசெல்வியின் முழங்கால் இரண்டும் எப்போதோ போய்விட்டன. படி இறங்கும்போது கதவுக் கீல் போலச் சத்தம் வரும். இந்த வேலை கிடைக்காவிட்டால், வெளியிலிருந்து வருகிற சின்னப் பெண் ஒருத்தியை மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே குனிந்து தேய்க்க வேண்டும். அதை நினைத்தால் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

ரிசப்ஷனில் இருக்கும் அம்பிளியிடம் போய் உண்மையைச் சொன்னாள். அம்பிளி தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். மலையாளமும் இங்கிலீஷும் கடகடவென்று படிப்பாள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "சேச்சிக்கு இங்கிலீஷ், எனக்கு தமிழ். அப்போ சமமாயி" என்று சிரித்தாள். மறுநாளே குழந்தைகள் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தாள். அதில் ஒரு பூனை பாயில் உட்கார்ந்திருந்தது.

"நாப்பத்தஞ்சு வயசுல பூனை எங்க உக்காந்தா எனக்கென்ன?" என்று இசக்கிசெல்வி புத்தகத்தை மூடினாள்.

அம்பிளிக்குச் சுருக்கென்று புரிந்தது. அடுத்த நாள் ஷாம்பூ புட்டியை எடுத்தாள். பிறகு கதவில் மாட்டும் அட்டை, பிறகு தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற அறிவிப்பு. "எல்லாம் சேச்சி வாயில தினமும் வர்ற வாக்குதானே. கண்ணு அத பிடிச்சா போதும். ஓரோ வாக்குலயும் நிக்க வேண்டா. வரி முழுசும் போங்க, பின்ன திரும்பி வாங்க. நீள வாக்கு வந்தா முறிச்சு முறிச்சு சொல்லுங்க."

அது வேலை செய்தது. எழுத்தாகப் பார்த்தால் பயமுறுத்துகிற வார்த்தை, வாய்விட்டுச் சொன்னதும் பழைய சிநேகிதியாக இருந்தது. டவல் என்பதைத் தானாகப் படித்த அன்று, ஒரு மணி நேரம் கண்ணில் பட்ட டவலையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வாரத்தில் அச்செழுத்து வசப்பட்டது. ஆனால் கார்டில் கையெழுத்துதானே இருக்கும். அதற்குப் பயிற்சி எங்கே என்று யோசித்தபோது வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பாண்டித்துரை முடி வெட்டப் போயிருந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முதல் சீட்டு நன்றியேதான். உன் சிரிப்பை மறக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தாள். இரண்டாவது: தயவுசெய்து தலையணைகளை இருந்த இடத்திலேயே விடவும். மூன்றாவது: தலையணை தினமும் ஏன் கால்பக்கம் போகிறது? நான்காவதில் அதே கேள்விக்கு அடியில் மூன்று கோடு. பதினொன்றாவது ஆள், இந்த அறையில் ஏதோ நடமாடுகிறது, எங்களுக்குத் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தார்.

மூன்றாம் நம்பர் அறையில் கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்தது. பிணத்தைத்தான் வடக்கே தலை வைத்துக் கிடத்துவார்கள். விருந்தாளி நன்றாக இருக்க வேண்டுமே என்று, இசக்கிசெல்வி தினமும் காலையில் தலையணைகளைத் தெற்கே மாற்றிவிடுவாள். அவர்கள் ராத்திரி திருப்பி வைப்பார்கள். விவரம் கெட்ட ஜனங்கள் என்று மறுபடி மாற்றுவாள். எட்டு வருடம். யாரோ அறைக்குள் வருகிறார்கள் என்ற புகாருக்காக பிஜு அந்த அறைப் பூட்டை இரண்டு முறை மாற்றியதும் இப்போது ஞாபகம் வந்தது.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மானம் போயிற்று. ஆனால் இருபத்து இரண்டு திட்டையும் எங்கும் நிற்காமல் படித்து முடித்திருந்தாள். அடுத்தவன் என்ன சொல்லித் திட்டியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் கையெழுத்தெல்லாம் தானாகப் பிரிந்து வழிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒன்பது பேர், கையில் சாயா. பிஜு பெட்டியிலிருந்து ஒரு கார்டை எடுத்து, பார்க்காமலே நீட்டினான். மூலையில் மூன்று என்று இருந்தது. படிக்கும் முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரூம் குட், ஃபுட் குட் என்று சொல்லிவிட்டு உட்காரலாம். யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. முழங்கால் அதைத்தான் சொன்னது.

ஆனால் எழுத்து கண்ணைப் பிடித்து இழுத்தது. ஆறு வாரமாக உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது, முதல் நாளே பொய் வாசிக்கவா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். தலையணை வந்தது, கால்பக்கம் வந்தது, பூட்டை மாற்றியும் பயனில்லை என்பது வந்தது. கடைசி வரியில் ரயில் நீளத்துக்கு ஒரு வார்த்தை. முறித்து முறித்துச் சொன்னாள். டிஸ், அப், பாயின்ட், மென்ட். சேர்த்ததும் ஏமாற்றம் என்று மனசில் பளிச்சிட்டது. அவள் முகம் மலர்ந்ததற்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்லை.

பிஜு சாயாவைக் கீழே வைத்தான். "யாரா ஈ பணி செய்யுறது?"

"நான்தான் சார். வடக்க தல வெச்சுப் படுத்தா ஆகாதுல்லா."

"அப்போ ரெண்டு பூட்டு?"

"வேஸ்ட் சார்."

மற்றவர்கள் சாயாவை உற்றுப் பார்த்தார்கள். அம்பிளி மட்டும் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற சாக்கில் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். பிஜு கார்டை வாங்கி முழுவதும் படித்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ மாத்தி வாயிச்சிருந்தா எனக்கு அறியில்ல."

"அது தெரியும் சார்."

"சரி. ரெண்டு ஆள விளிச்சு அந்தக் கட்டில திரிச்சுப் போடு. சூப்பர்வைசர் சொன்னதுன்னு சொல்லு."

அன்று சாயங்காலம் பாண்டித்துரையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் இருக்கும் சீட்டையெல்லாம் கிழித்துவிடலாம் என்றாள். அவன் எழுந்து போய், ஓரம் பிரிந்திருந்த ஒரு சீட்டை அழுத்தி ஒட்டினான். மண்டியில் எத்தனை பேரிடம் பீற்றியிருப்பான்.

"எதுக்குட்டி கிழிக்கணும்? எட்டு வருசத்துல நமக்குன்னு உக்காந்து வேற எவன் இத்தன எழுதிருக்கான்?" என்றான். "மொதல்ல இருந்து வாசி பாப்போம்."

வாசித்தாள். நான்காவது சீட்டின் மூன்று கோட்டுக்கே அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். பதினொன்றாவதை இரண்டு தடவை கேட்டான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டி வருகிறான். டீ கொடுத்ததும், "எம் பொண்டாட்டி வாசிப்பா, கேளுங்க" என்கிறான். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறுகிறாள்.