கால் கழுவும் படம்

எங்கள் அப்பாவை நான் முதலில் அறிந்தது கலியாணப் பட அல்பத்தில்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் கனடாவுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் வெள்ளவத்தையில், கால்வாய்க்குப் பக்கத்தில், மாமி வீட்டில் இருந்துகொண்டு விசாவுக்குக் காத்திருந்தோம். மாமி அப்பாவின் அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனம் அவ்வளவு மோசமில்லை.

எனக்கு எட்டு வயதானபோது நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கலியாணம் உண்மையாகவே நடந்தது என்று காட்டப் படங்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதே கிழமை மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, கால்வாய் வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸையும் விட்டுவைக்கவில்லை. கலியாண அல்பம் தேநீரில் ஊறிய பாண் துண்டு மாதிரி வெளியே வந்தது. படமெடுத்த யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவோ, நெகட்டிவும் தானுமாக இடப்பெயர்வோடு போயிருந்தது. இந்த அல்பமும் போனால் விசாவை மறந்துவிட வேண்டியதுதான்.

மாமி அதை மதிலில் வெயிலுக்கு வைத்தார். தனியே கழன்று வந்த ஒரு படத்தை அயன்பெட்டியால் தேய்த்தும் பார்த்தார். மணவறை அப்படியே அயன்பெட்டியில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அம்மா ஓடிப்போய், காலி வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் நானாவைக் கூட்டிவந்தார்.

நானா தலையில் கைவைத்தார். "யா அல்லா, யாரு இத வெயில்ல போட்டது? காயக் காய ஒட்டிப் பிடிச்சிரும். திரும்பத் தண்ணில போடுங்க."

தண்ணீரில் நாசமானதை மறுபடி தண்ணீரிலா? மனுசனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே எனக்குப் பட்டது. ஆனால் அம்மா பெரிய பேசினில் நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டார். ஊறவைத்து, படத்தின் முகத்தில் விரல் படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, உடுப்புக் கிளிப்பால் கொடியில் மாட்ட வேண்டுமாம்.

"எல்லாம் தப்பும்னு சொல்லேலா தங்கச்சி. முக்கியமானத முதல்ல எடுப்பம். எது?" என்று கேட்டார் நானா.

"தாலி கட்டுறது!" என்றார் மாமி.

அம்மா அல்பத்தின் தாள்களை எண்ணிப் பார்த்து வேறொரு தாளின் விளிம்பைத் தொட்டார். "இது."

எனக்குத் தெரியும் அது. மாப்பிள்ளையாக வந்த அப்பாவின் காலை அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, செம்பால் தண்ணீர் ஊற்றிக் கழுவும் படம். அதில் அப்பாவுக்கு முழங்காலுக்கு மேலே ஒன்றுமே இல்லை. கழுவினதற்கு மாப்பிள்ளை போடப்போகும் மோதிரத்தை நினைத்தோ என்னவோ, சின்ன மாமா நிமிர்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் பிரான்ஸில் இருக்கிறார், கடிதம் எழுத நேரமில்லை என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார்.

"எடி பிள்ளை, உனக்கென்ன விசரே? காலைப் பார்த்து ஆரடி விசா குடுப்பான்?" என்று மாமி கத்தினார்.

அம்மா அந்த விளிம்பிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த ஒரு படத்துக்கே ஒரு மணித்தியாலம் போனது. மாமா சிரிப்புக் கலையாமல் கழன்று வந்தார்.

அடுத்தது தாலிப் படம். அதில் ஐயரின் முகம் மட்டும் உரிந்து தண்ணீரோடு போய்விட்டது. "ஐயர்தானே, போகட்டும். விசா அவருக்கில்லை," என்றார் மாமி. அப்பாடா! அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம். பொழுதுபடுவதற்குள் பக்கத்து வீட்டுக் கிளிப்புகளும் சேர்ந்து, பதினேழு படங்கள் கொடியில் தொங்கின.

நேர்முகத்தில் அம்மா பதினாறைத்தான் கொடுத்தார். நான் சும்மா இருந்தேனா? "அம்மா, கைப்பையில இன்னொண்டு இருக்கல்லோ!" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதையும் சொல்லிவைத்தார். நேர்முகம் நடத்திய வெள்ளைக்கார அம்மையார் படத்தை வாங்கிப் பார்த்து, இது யார், இப்போது எங்கே என்று கேட்டார்.

"என்ர தம்பி," என்றார் அம்மா. "எங்க எண்டு தெரியாது. ஆறு வருசமாத் தேடுறன்."

 பிரான்ஸில் இருக்கிற மாமாவை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்யா! பிடிபட்டால் விசா போச்சு.  அம்மையார் படத்தை இரண்டு கையாலும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் விசா வந்தது. மாமி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். எனக்கும் பெரிய நிம்மதி. அம்மாவின் பொய்யை அந்த அம்மையார் கண்டுபிடிக்கவில்லையே என்ற நிம்மதி. அம்மா பொய் சொன்னது எனக்குத்தான் என்று விளங்க, கனடாவில் இன்னும் எத்தனையோ பனிக்காலம் போக வேண்டியிருந்தது.