அக்காவின் பயோடேட்டாவில் நான் அடித்த ஏழு வருடங்கள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா போய் ஓராண்டு ஆகிறது. உருக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் நம் குடும்பத்தில் பலர் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டதால் இந்த நினைவு மலரின் முதல் பக்கம் என்னிடம் வந்திருக்கிறது. கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிற அதே தம்பிதான். இந்த முறை சிரிக்க வைக்க வரவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

அக்கா பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், கார்ப்பரேஷன் தொழிலாளர்களின் ஓட்டு வீட்டு வரிசையில். அப்பா சாக்கடை சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தார். பள்ளியில் எங்களுக்கு மலையாளம்தான். தமிழ் எழுத்தை அக்கா தாமாகவே படித்துக்கொண்டார். மளிகைக் கடையில் சாமான் சுற்றித் தரும் தமிழ்ப் பத்திரிகைத் தாளைப் பிரித்து, நீவி, எழுத்துக் கூட்டுவார். பருப்பைக் கொட்டியதற்கு அம்மா திட்டுவார்.

அக்கா எம்.ஏ. வரலாறு முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்த வருடம் அப்பா பணியில் இருக்கும்போதே இறந்தார். வாரிசுகளில் ஒருவருக்கு வேலை உண்டு. மற்றவர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும். மூத்தவளே போகட்டும் என்றார் அம்மா.

"எனக்கு காலேஜ் இருக்கும்மா. இவனுக்கு என்ன இருக்கு?" என்று அக்கா கையெழுத்துப் போட்டார். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் தாண்டியிருந்த நான் கார்ப்பரேஷன் ஆபீஸ் பியூன் ஆனேன்.

அக்காவின் ஆராய்ச்சி, பழைய காலத்தில் கொச்சிக்கு வந்த தமிழ் மிளகு வியாபாரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றியது. புள்ளி வைக்காத கூட்டெழுத்து. ஏழு வருடம் அதைப் படித்தார். எங்கள் வரிசையில் முதல் முனைவர். அன்று தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தேன். அக்காவைவிட எனக்குத்தான் அதிகம் கைகுலுக்கல் கிடைத்தது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அரசுக் கல்லூரி ரேங்க் லிஸ்ட்டில் பெயர் வந்தது. அக்காவுக்கு மேலே நான்கு பேர் இருக்கும்போதே லிஸ்ட் காலாவதியானது. கொச்சியிலேயே தேவரா பகுதியில் ஒரு டுட்டோரியலில் மணிக்கணக்கில் வகுப்பெடுத்தார். வயது வரம்பு கடந்தது. பத்திரிகை, பதிப்பகம், மியூசியம் என்று அக்கா போகக்கூடிய இடங்கள் இருந்திருக்கின்றன. அதை அந்த ஏழு வருடத்தில் யாரும் சொல்லவில்லை.

"எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டே கதவுடா. ஒண்ணு லெக்சரர். இன்னொண்ணு காத்திரு" என்பார்.

பிறகு தாமே சில கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டார். இவ்வளவு படித்தவர் எங்களிடம் நிலைக்க மாட்டார் என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அப்போதுதான் நான் அறிவாளியானேன். ஆபீஸில் தினமும் விண்ணப்பங்களைத் தூக்கி நடப்பவன் அல்லவா?

"அக்கா, பயோடேட்டாவுல இந்த டாக்டரேட்டை அடிச்சிரு. எம்.ஏ.வோட நிறுத்து."

"அப்ப ஏழு வருஷம் என்ன செய்தேன்னு கேட்டா?"

"வீட்ல இருந்தேன்னு சொல்லு. பொம்பளைங்க வீட்ல இருந்தா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "நீ பியூன் இல்லடா, மந்திரியாகப் பிறந்தவன்" என்றார். பேனாவை நான்தான் எடுத்தேன். நான்தான் அடித்தேன்.

மட்டாஞ்சேரியில் மசாலா ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சரக்குப் பெட்டிகளுக்கு லேபிள் எழுதுவது. மானேஜர் நான் சொன்னபடியே கேட்டாராம், அக்கா நான் சொன்னபடியே சொன்னாராம். அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. என் யோசனை பலித்த பெருமையில் நான் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன்.

சில வருடங்கள் கழித்துக் கம்பெனி வைட்டிலாவுக்கு மாறியது. பழைய கிடங்கின் பரணிலிருந்து பெட்டி பெட்டியாகத் தமிழ்க் கடிதங்கள் இறங்கின. மானேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, இதைப் படிக்க யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அக்கா முன்வரிசையில் நின்றார். வாய் திறக்கவில்லை. "அப்ப ஆக்ரிக்குப் போட்டேக்கு" என்றார் மானேஜர். பழைய சாமான் வியாபாரிக்குப் போகும் பதினான்கு பெட்டிகளுக்கும் 'பழைய காகிதம்' என்று லேபிள் எழுதி ஒட்டியது அக்கா.

சாயங்காலம் வந்து சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"தெரியும்னு சொல்லியிருக்கலாமே!"

"எப்படித் தெரியும்னு கேப்பாங்கடா. வீட்ல சும்மா இருந்தவளுக்கு அந்த எழுத்து எப்படி வரும்? பொய் சொல்லிச் சேர்ந்தேன்னு வெளிய போகச் சொல்லுவாங்க."

மறுநாள் காலை, வேலை போனாலும் போகட்டும் என்று இருவரும் போனோம். நானே குற்றவாளி என்று சொல்ல வசனம்கூடத் தயார் செய்திருந்தேன். கிடங்கு கழுவி விடப்பட்டிருந்தது. வியாபாரியிடம் ஓடினோம். கட்டுக் கட்டாக மில்லுக்கு லாரி ஏறிவிட்டது என்றார். அக்கா திரும்பி வேலைக்குப் போனார். தாமதமாக வந்ததற்கு மானேஜரிடம் மன்னிப்பும் கேட்டார்.

புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் சொன்னார்: "எடா, ஒரு பெட்டியாவது திருடியிருக்கலாம்."

"லேபிள்ல உன் கையெழுத்து இருக்கே, உடனே பிடிச்சிருப்பாங்க" என்றேன். சிரித்தார். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் நான் அப்படிப் பேசினேன். எனக்கு வேறு பேச்சு வராது.

இறுதிச் சடங்குக்கு மானேஜர் வந்திருந்தார். யாரோ அக்காவை முனைவர் என்று சொன்னதைக் கேட்டு என்னிடம் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கேட்டேனே, எல்லார்கிட்டயும் கேட்டேனே" என்று தமக்குத் தெரிந்த தமிழில் இரண்டு முறை சொன்னார். "சொல்லியிருந்தா, மேல ஒரு முறி கொடுத்து உக்கார வச்சிருப்பேன்."

அவர் மாடியில் ஓர் அறையைச் சொன்னார். அந்த வார்த்தையை அக்கா கேட்காமல் போனது நல்லதா கெட்டதா என்று ஒரு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த பெரியம்மா வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த என் ஆபீஸ் நண்பர்களுக்கும், தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அக்கா பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்பதை அட்டையில் பெரிதாக அச்சிட்டுத் தந்தவருக்கும், கடைசி வரை நின்ற மானேஜருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் வீட்டில் ஆராய்ச்சி படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். எந்த உதவிக்கும் என்னிடம் அனுப்புங்கள். விண்ணப்பம் எழுத மட்டும் அனுப்பாதீர்கள்.